மஞ்சள் துணி கட்டிய தக்காளிச் செடி

"பங்குனி 7, வண்டிப்பெரியார். அன்புள்ள அக்காவுக்கு, இங்கு நலம், உங்கள் நலம் அறிய ஆவல். ஐப்பசியில் நீ கொடுத்த தக்காளி விதை முளைத்து, செடியாகி, இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் பழம் பறிக்கிறோம். ஒரு செடிகூட வாடவில்லை. விதையில் குற்றம் ஒன்றும் இல்லை."

என் சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, எழுதிய இன்லண்ட் லெட்டரின் தொடக்கம் இது. அம்மா காலமான பிறகு, சென்ற ஆண்டு அவளுடைய தகரப்பெட்டியைக் காலி செய்தபோது கிடைத்தது. தபால் முத்திரையில் ஊர்ப்பெயர் தெளிவாக இருக்கிறது. ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் மை பரவிக் கறுப்புப் பொட்டாக நிற்கிறது. அச்சிட்ட தபால்தலையையும் என் பள்ளிச் சான்றிதழையும் வைத்துப் பார்த்ததில் எழுபதுகளின் முற்பாதியில் இரண்டு ஆண்டுகளில் ஒன்று என்பது வரை வர முடிந்தது. எது என்று தீர்மானிக்க முடியாததால் ஆண்டை எழுதாமல் விடுகிறேன். மாதங்களும் அவை வந்த வரிசையும் சரி. அவற்றை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் என் வயதுக்காரர்கள் இன்லண்ட் லெட்டரை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நீலம், நாக்கால் நனைத்து ஒட்டிய ஓரத்தின் கசப்பு, எழுத இடம் போதாமல் மடிப்பின் மேலேயே ஏறிப்போகும் கடைசி வரிகள். இந்தக் கடிதத்தில் "விதையில் குற்றம் ஒன்றும் இல்லை" என்ற வரி மட்டும் மங்கிப்போயிருக்கிறது. மற்ற வரிகளின் மை அப்படியே இருக்கிறது. விரல் பட்டுப் பட்டு மங்கிய மை அது. நல்ல செய்தியை இத்தனை முறை எதற்குத் தடவிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

எங்கள் தோட்டம் கேரள எல்லையில், மீனாட்சிபுரத்துக்குச் சற்று மேற்கே இருந்தது. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், தக்காளி போவது பொள்ளாச்சிச் சந்தைக்கு. எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, வாய்க்கால் ஒன்று. தோட்டத்துக்குள்ளேயே இரண்டு ஓட்டுவீடுகள். சாளை என்போம். ஒரு சாளையில் தாளித்தால் இன்னொன்றில் தும்முவார்கள்.

தக்காளி விதையை அன்று யாரும் கடையில் வாங்கியதில்லை. எங்கள் சாளைகளில் அதற்கு ஒரு முறை இருந்தது. தக்காளிக் காட்டில் முதன்முதலாகச் சிவக்கும் பழம் எந்தச் செடியில் இருக்கிறதோ, அந்தச் செடிதான் அந்த வருஷத்து விதைச்செடி. அதன் தண்டில் மஞ்சளில் நனைத்த துணிக் கீற்று ஒன்றைக் கட்டிவிடுவார்கள். கட்டிய பிறகு அந்தச் செடியின் பழம் ஒன்றுகூடச் சந்தைக்குப் போகாது, குழம்புக்கும் போகாது. எல்லாமே செடியிலேயே பழுத்துத் தளர்ந்து விதைக்கு வர வேண்டும். முந்திப் பழுக்கிற செடியின் பிள்ளைகளும் முந்திப் பழுக்கும் என்பது கணக்கு. முந்தி வரும் தக்காளிக்குத்தான் சந்தையில் மதிப்பு. இதில் ஒரே ஒரு நிபந்தனை: முதல் பழத்தில் புள்ளி, வடு என்று எந்த மறுவும் இருக்கக் கூடாது. மறு இருந்தால் அந்தச் செடியை விட்டுவிட்டு அடுத்துச் சிவப்பதைத் தேட வேண்டும்.

தேடுவது குழந்தைகளின் வேலை. கண்டுபிடித்தவருக்கு, விதையை எடுத்த பிறகு அந்தப் பழத்தின் சதையில் நாட்டுச்சர்க்கரை போட்டுத் தருவார்கள். சர்க்கரை பெரிய விஷயமில்லை. துணியைக் கட்டும்போது கண்டுபிடித்தவர் முடிச்சின் மேல் விரல் வைக்க வேண்டும். அடுத்த வருஷம் வரைக்கும் அந்தச் செடிக்கு அவருடைய பெயர். பெரியப்பா மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். நான் சொல்லும் வருஷத்துக்கு முந்தைய இரண்டு வருஷமும் அவள் செடிதான். வாய்க்காலில் தண்ணீர் பாயும்போதெல்லாம், "என்ற செடிப் புள்ளைங்கதான் இத்தனையும்" என்று காட்டைக் கைகாட்டிச் சொல்வாள். நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். அந்தச் சொல் எனக்குச் சோறு இறங்காமல் செய்தது.

அந்த வருஷம் தைக்கு முன்பே பழம் சிவந்தது. வருஷத்துக்கு இரண்டு பட்டம் தக்காளி போடுவோம்; விதைச்செடி பார்ப்பது ஐப்பசிப் பட்டத்தில், அதில் வழக்கமாகப் பொங்கல் நோம்பி கழிந்துதான் முதல் பழம் தெரியும். எனக்குத் தென்பட்டது மார்கழிக் கடைசியில். போகிக்கு முந்தின நாளோ அதற்கும் முந்தின நாளோ, இந்த ஒரு நாள் வித்தியாசத்தை மட்டும் என்னால் தீர்க்க முடியவில்லை. விடிந்தும் விடியாமலும் எழுந்து போனேன். பனியில் தக்காளி இலைக்கு ஒரு வாசனை உண்டு, உங்களுக்குத் தெரியும். கசப்பும் எண்ணெயும் கலந்த மாதிரி. செடிகளுக்குள் பத்தடி நடந்தாலே கை பச்சையாகும், காய்ந்தால் கறுத்துவிடும். சோப்புக்குப் போகாது, தக்காளியையே பிழிந்து தேய்த்தால்தான் போகும்.

வாய்க்கால் மடைக்குப் பக்கத்துப் பாத்தியில், மூன்றாவது செடி. இலைக்கு அடியில் ஒரு பழம் முழுதாகச் சிவந்திருந்தது. சுற்றிலும் எல்லாக் காயும் பச்சை. குனிந்து தூக்கிப் பார்த்தேன். காம்புக்குச் சற்றுக் கீழே மிளகைவிடச் சிறிதாக ஒரு வெள்ளை வட்டம், அதன் நடுவில் தவிட்டு நிறப் புள்ளி. குருவி ஒன்று பழத்துக்குள்ளிருந்து என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

மறு என்று எனக்குத் தெரியும். தெரியவில்லை என்று இந்த வயதில் சொல்லமாட்டேன்.

சுண்டுவிரல் நகத்தால் சுரண்டினேன். மெல்லிய பொருக்காக வந்தது. எச்சில் தொட்டுப் பாவாடையால் துடைத்தேன். லேசான தடம் மிஞ்சியது. அதன் மேல் கொஞ்சம் செம்மண்ணைத் தேய்த்துவிட்டு அம்மாவைக் கூப்பிட ஓடினேன்.

அம்மா பால் கறந்த கையோடு வந்தாள். பின்னாலேயே பெரியப்பா மகளும் தலை வாராமல் வந்து நின்றாள். "கோழி கூப்புடறதுக்கு முன்னால எந்திரிச்சு வந்திருக்கறா பாரு, திருடியாட்ட" என்றாள். நான் அவள் பக்கம் திரும்பவில்லை. அம்மா பழத்தைக் கிள்ளாமல் உள்ளங்கையில் தாங்கித் திருப்பினாள்.

"மறு ஒண்ணும் இல்லையே கண்ணு?"

"இல்லீங்கம்மா."

"இதென்ன தடம்?"

"கோல் உரசியிருக்குமுங்க."

செடியின் ஒரு பக்கத்து இலைகள் ஓரம் சுருண்டு தொங்கின, மறுபக்கம் பச்சையாக நிமிர்ந்திருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பார்த்ததை நான் பார்த்தேன். காய்ப் பாரம் தாங்கவில்லை, ஒரு கோல் சேர்த்து ஊன்றலாம் என்று சொன்னாள். தாவணிக் கரையில் கிழித்த துணியை மஞ்சள் கிண்ணத்தில் தோய்த்து எடுத்து வந்து கட்டினாள். முடிச்சின் மேல் என் விரலை வைத்து அழுத்தினாள். விரல் இரண்டு நாள் மஞ்சளாக இருந்தது. அந்தப் பொங்கலுக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா, எங்கள் காட்டில் மார்கழியிலேயே பழம் சிவந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் ஏன் இவ்வளவு முன்னதாக என்று கேட்கவில்லை. முந்தி வந்ததெல்லாம் நல்லது என்றிருந்த காலம்.

அம்மாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தில் அவளைக் கைராசிக்காரி என்பார்கள். அவள் கொடுத்த விதை பொய்க்காது என்று பேர். நாற்றுப் போடும் நாளில் சிலர் விதையை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்து, "ஒருக்கா தொட்டுக் குடு அம்மணி" என்று நீட்டுவார்கள். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே தொடுவாள். அவளுக்கு நகை இல்லை, படிப்பு மூன்றாம் வகுப்பு, பேசவும் கூச்சம். எங்கள் ஊரில் அவளுக்கென்று இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். அதைப் பற்றி அவள் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் விதை கேட்டு யாராவது வந்துபோன நாளில் அடுப்படியில் அவள் முனகலாகப் பாடுவது கேட்கும்.

மஞ்சள் துணிச் செடியின் பழங்களை மாசியில் எடுத்தார்கள். அம்மா ஒவ்வொன்றாகப் பிழிந்து, விதையைக் காய்ந்த வரட்டியின் மேல் விரலால் பரப்பி நிழலில் வைத்தாள். வரட்டிகள் பொன்னிறப் புள்ளி வைத்த தோசை போல வரிசையாகக் காய்ந்தன. எனக்குச் சர்க்கரை போட்ட சதை கிடைத்தது. காய்ந்த விதையை உதிர்த்துச் சாம்பல் கலந்து ஒரு காலிப் பவுடர் டப்பாவில் போட்டு மூடினாள். டப்பாவைத் திறந்தால் ரோஜா வாசனையும் சாம்பல் வாசனையும் சேர்ந்து வரும். அந்த டப்பா இப்போது இல்லை. பெட்டியில் தேடினேன்.

ஆடியில் நாற்று. எங்களுக்கும் பெரியப்பாவுக்கும் போக இன்னும் மூன்று வீடுகளுக்கு அந்த விதை போயிற்று. விதைக்கு எங்களில் யாரும் விலை வாங்குவதில்லை. முதல் பறிப்பில் ஒரு கூடை கொண்டுவந்து வாசலில் வைப்பார்கள், அவ்வளவுதான்.

புரட்டாசியில் கூடைகள் வரவில்லை. பூ எடுக்கிற பருவத்தில் செடிகள் ஒருபக்கமாக வாட ஆரம்பித்தன. காலையில் நிமிர்ந்திருக்கும் செடி மத்தியானம் பாதி தொங்கும். மறுநாள் மீதியும் தொங்கும். தண்டைக் கீறினால் உள்ளே தவிட்டு நிறக் கோடு ஓடியது. பிடித்த காய்களிலெல்லாம் அந்தக் குருவிக்கண். ஒன்று இரண்டல்ல, அம்மை போட்ட மாதிரி. நான் ஒரு காயைப் பறித்துப் பார்த்துவிட்டு வாய்க்காலில் எறிந்தேன். அது மிதந்து வந்து மடையில் முட்டிக்கொண்டு நின்றது. காலால் அமுக்கினேன், மறுபடி மேலே வந்தது.

எங்கள் காடு, பெரியப்பா காடு, அந்த மூன்று வீட்டுக் காடு. வேறு விதை போட்ட காடுகளில் ஒன்றும் இல்லை. சேர்த்துப் பார்க்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

பக்கத்துத் தோட்டத்துக்காரரை நாங்கள் மாமன் என்போம். வேரோடு பிடுங்கிய ஒரு செடியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அதை எறியவில்லை, வாசலில் மெல்லக் கிடத்தினார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்:

"நான் குத்தஞ்சொல்ல வரல அம்மணி. உன்ற கையில வாங்கி இத்தன வருசத்துல ஒண்ணும் ஆனதில்ல. இந்த வருசம் உன்ற கைராசி எங்க போச்சுன்னுதான் எனக்குத் தெரியல."

அம்மா, "ஆமாங்க" என்றாள். அவர் போன பிறகு அந்தச் செடியை எடுத்து எருக்குழியில் போட்டுவிட்டு வெகுநேரம் கை கழுவினாள்.

அந்த வாரமே விவசாய ஆபீசிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். மலையாளி, இளைஞர், காலில் சேறு படுவதைப் பொருட்படுத்தாமல் பாத்திக்குள் இறங்கினார். தண்டைக் கீறிப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, விதை எங்கே எடுத்தது என்பதுதான். சரியான கேள்வி. அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அப்பா அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கியது என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். வெளியாள் முன்னால் அம்மாவின் பேரைக் காப்பாற்றுவதாக நினைத்தார். அப்படியானால் இனி அங்கே வாங்க வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார். உள்ளதைச் சொல்லியிருந்தால் விதைச்செடி எப்படி இருந்தது என்று கேட்டிருப்பார். அடுத்த கேள்வி என்னிடம் வந்திருக்கும். நான் தூணுக்குப் பின்னால்தான் இருந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா டப்பாவைக் காட்டி, "மிச்சம் இருக்கறத எல்லாம் அடுப்புல போட்டுரு. இனி யாருக்கும் ஒரு விதை குடுக்கக்கூடாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அம்மா டப்பாவைத் திறந்து அடுப்பின் மேல் கவிழ்த்ததை நான் பார்த்தேன். விதைகள் படபடவென்று வெடித்தன. மூடியை மறுபடி இறுக்கி மாடத்தில் வைத்தாள். காலி டப்பாவை எதற்கு இறுக்கி மூடுகிறாள் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை.

தீபாவளிக்குச் சித்தி வண்டிப்பெரியாரிலிருந்து வந்தாள். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள், அங்கே லயம் என்னும் வரிசை வீட்டில் இருப்பவள். வருஷத்துக்கு ஒருமுறை வருவாள், கம்பளி வாசனையோடும் ஒரு பொட்டலம் தேயிலைத் தூளோடும். அவள் விரல் நுனிகள் காய்த்துப்போய்க் கன்றிப்போயிருக்கும். அடுப்பிலிருந்து சோற்றுப்பானையைத் துணியில்லாமல் இறக்குவாள், நாங்கள் வாய் பிளந்து பார்ப்போம். "மலையேறுனா உங்களுக்கும் வரும்டி இந்தக் கை" என்று சிரிப்பாள். அந்த முறை அக்காவும் தங்கையும் மாட்டுக் கொட்டகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனதும் பேச்சை நிறுத்தினார்கள். குடும்ப விஷயம் என்று நினைத்தேன்.

என் நினைவில் நெடுங்காலம் இருந்த கதை இதுதான்: மாமன் வந்து சொன்ன சொல்லில் அம்மா ஒடுங்கிப்போனாள், அதற்குப் பிறகு விதையைத் தொடவில்லை. அவள் தொடவில்லை என்பது உண்மை. நாற்றுப் போடும் நாளில் வேலைக்கு வரும் பெண்ணைக் கூப்பிட்டு முதல் விதையைப் போடச் சொல்வாள். அவள் வராவிட்டால் என்னைக் கூப்பிடுவாள். "நீ போடு கண்ணு. என்ற கை வேண்டாம்." நான் கல்யாணமாகிப் போகும் வரை அது அப்படித்தான் நடந்தது. பாகற்காய் ஒன்று ஊன்றவும் இன்னொருவர் கை வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் நீட்டிய விதையை வாங்கினேன். ஒருமுறைகூட அந்த நகத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

கடிதம் கிடைத்த பிறகு மாதங்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். அங்கேதான் என் கதை இடித்தது. மாமன் வந்தது புரட்டாசி. அதற்குப் பிறகு வந்த மாசியில் அம்மா தன் கையாலேயே மாட்டுக் கொட்டகை ஓரம் பூசணி ஊன்றினாள். இது எனக்கு நிச்சயம். ஏனென்றால் அந்தப் பூசணிக்கொடி கூரையேறி, வருஷப் பரீட்சை விடுமுறையில் பிஞ்சு பறிக்கப் போய் நான் விழுந்து இடது கையை முறித்துக்கொண்டேன். கட்டுப் போட்டவர் எந்தப் பாவி பூசணி நட்டது என்று கேட்க, "நாந்தானுங்க" என்று அம்மா சொன்னதும் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டதும் எங்கள் வீட்டில் வெகுகாலம் சொல்லிச் சிரித்த விஷயம். ஆக மாசியில் அவள் விதை தொட்டிருக்கிறாள். அடுத்த ஆடியில் தொடவில்லை. அவளை நிறுத்தியது மாமனின் சொல் அல்ல. மாசிக்கும் ஆடிக்கும் நடுவில் வந்த வேறு ஏதோ.

நடுவில் வந்தது பங்குனி 7 தேதியிட்ட இந்தக் கடிதம்.

மீதியைக் கொடுக்கிறேன். "நீ சொன்னபடி வேறு ஒருத்தரையும் தொடவிடவில்லை. முழுக்க என் கையால் போட்டேன். விதையா கையா என்று பார்த்துச் சொல் என்றாய். பார்த்துவிட்டேன். விதை நல்ல விதை. நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, எல்லாம் நேரம்."

சித்தி தேற்றுவதற்காகத்தான் எழுதியிருக்கிறாள். பாதி விதையை டப்பாவில் நிறுத்தி, அப்பாவுக்குத் தெரியாமல் மலைக்கு அனுப்பி, இன்னொரு கையில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறாள் அம்மா. அங்கேயும் வாடியிருந்தால் விதையின் குற்றம், அவள் தப்பித்தாள். வாடவில்லை. ஐந்து மாதம் காத்திருந்து அவளுக்குக் கிடைத்த தீர்ப்பு அது. விதையில் குற்றம் இல்லையென்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். அந்த வரியைத்தான் விரலால் தடவித் தடவி மங்கவைத்திருக்கிறாள்.

ஓய்வு பெற்ற பிறகு நான் பயிர்நோய்ப் புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தேன். காரணம் இப்போது உங்களுக்குப் புரியும். அந்தக் குருவிக்கண் புள்ளிக்குப் பறவைக்கண் என்றே பெயர் போட்டிருக்கிறார்கள். பாக்டீரியாவால் வரும் நோய் ஒன்றின் அடையாளம் அது, விதை வழியாக அடுத்த தலைமுறைக்குப் போகும். அதைவிட என்னை நிறுத்திய செய்தி வேறு. நோய் தாக்கிய செடி தன் பழத்தை அவசரமாகப் பழுக்கவைக்கும். மார்கழியில் நாங்கள் கொண்டாடியது ஒரு செடியின் காய்ச்சலை. முதலில் சிவப்பதற்கு மஞ்சள் துணி கட்டும் எங்கள் முறை, காட்டில் இருக்கும் நோயாளியைத் தேடிப்பிடித்து விதைக்கு வைக்கக்கூடிய முறை. அதைத் தடுக்க முன்னோர்கள் வைத்த காவல் ஒன்றே ஒன்று, மறு இருக்கக் கூடாது என்பது. அந்தக் காவலை ஒரு நாலாம் வகுப்புக்காரி நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

சென்ற மாதம் பெரியப்பா மகளுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொள்ளாச்சியில் பேரன் பேத்திகளோடு இருக்கிறாள்.

"அந்தப் பழமா? அத நான் மொத நாளே பாத்துப்போட்டேன்" என்றாள். "கண்ணாட்ட ஒண்ணு இருந்துச்சு. மறு இருந்தா ஆகாதுன்னு உட்டுப்போட்டு வந்துட்டேன். அடுத்த நாள் பாத்தா நீ முடிச்சுல வெரல் வச்சுட்டு நிக்கற."

"ஏனுங்க்கா அப்பவே சொல்லல?"

"சொன்னா? ரெண்டு வருசம் செயிச்சவ இப்பப் பொறாமைல பேசறான்னுவீங்க. நீயே சொல்லியிருப்பே புள்ள." என் அம்மாவை அவள் சின்னம்மா என்பாள். "சின்னம்மாகிட்டயாச்சும் சொல்லியிருக்கோணும். ரெண்டு பேருமே" என்றாள்.

பிறகு அவளுடைய முழங்கால் வலியைப் பற்றிப் பேசினோம்.

ஒரு கேள்வி மீதம். நோயுள்ள விதை மலையில் மட்டும் எப்படி வாடாமல் வளர்ந்தது? கடிதத்தின் மடிப்பின் மேல், இடம் போதாமல் பொடியாக எழுதிய கடைசி வரிகளில் இப்படி இருக்கிறது: "இங்கே கார்த்திகைக் குளிரில் எந்த விதையும் லேசில் முளைக்காது. அதனால் லயத்தில் எல்லாரும் செய்கிற மாதிரி வெந்நியில் ஊறப்போட்டுத்தான் விதைத்தேன். கை பொறுக்கிற சூடு." அம்மா இந்த வரியைத் தாண்டிப் போயிருப்பாள். எங்கள் பக்கத்து வெயிலில் விதைக்கு வெந்நீர் வைப்பவர் யாரும் இல்லை. ஆனால் புத்தகங்களில் இருக்கிறது: விதையை ஏறத்தாழ ஐம்பது டிகிரி வெந்நீரில் அரைமணிக்குச் சற்றுக் குறைவாக வைத்தால் இந்த நோய்க்கிருமி பெரும்பாலும் அழியும், விதை பிழைக்கும். சூடு குறைந்தால் கிருமி பிழைக்கும்.

சித்தி இறந்து வெகுகாலம் ஆயிற்று. சித்தி மகள் இன்னும் அதே எஸ்டேட்டில் இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். "வெந்நி எவ்வளவு சூடுன்னு யாரு பாத்தா? அம்மா கைய விட்டுப் பாக்கும், சாக்கு போட்டு மூடி வச்சிரும், அவ்வளவுதான். தக்காளி போட்டது எனக்கு ஞாபகமே இல்ல. நீங்க எதுக்கு இப்ப இதக் கேக்குறீங்க?" என்றாள்.

வீட்டில் தெர்மாமீட்டர் வைத்து என் கையால் சோதித்தேன். நாற்பத்தைந்தைத் தாண்டியதும் கையை எடுத்துவிட்டேன். மூன்று முறையும் அப்படித்தான். ஆனால் என்னுடையது பேனா பிடித்த கை. துணியில்லாமல் சோற்றுப்பானை இறக்கியது சித்தியின் கை.

எனக்குக் கைராசியில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அம்மா கேட்டது விதையா கையா என்று. அந்தக் கேள்விக்கு அவளுடைய கணக்கிலேயே பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தத் தண்ணீர் ஐம்பதைத் தொட்டிருந்தால் குற்றம் விதையில்தான் இருந்தது. தொடாமலே செடிகள் வாடாமல் வளர்ந்திருந்தால், அவள் கணக்கில் குற்றம் அவள் கையில். விதையில் என்றால் என் நகத்தில். அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஆனால் சித்தியின் கை அந்தக் கார்த்திகையில் எவ்வளவு சூடு பொறுத்தது என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.